யாரைப் போய்க் கேட்பது?

எங்கள் கிளை நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்ற பலகை ஜன்னலுக்கு மேலே தொங்குகிறது. ஊரிலேயே அதிகம் பேசுகிறவர்கள் அதற்கு நேர் கீழே உள்ள பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். எட்டு மணிக்குக் கதவு திறந்தால், எட்டேகாலுக்குள் நாளிதழ்கள் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போய்விடும். தலைப்புச் செய்தி ஒருவர் கையில் இருக்கும். அதன் தொடர்ச்சி எதிர்வரிசைக்காரர் கையில் இருக்கும். ஆகவே, படித்து முடிக்க வேண்டுமென்றால் பேசித்தான் ஆக வேண்டும். "எட்டாம் பக்கம் யார்கிட்ட?" என்பதுதான் இங்கே காலை வணக்கம்.

நூலகர் அம்மா வந்த புதிதில் தட்டிக் கேட்டிருக்கிறார். மிராசு அதற்குச் சொன்ன பதில் இன்றும் நூலகத்தில் பேசப்படுகிறது. "வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துல்ல கட்டறேன். ரூவாய்க்கிப் பத்துப் பைசா. பேசறதும் அதுல அடக்கம்மா." 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. ஆனாலும் நூலகர் அம்மா அன்றிலிருந்து பலகையைத் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

மிராசு என்பது பட்டப்பெயர். அவருக்கு இருப்பது ஆறு மா நிலம். பக்கத்தில் பாய், கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். காலை வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வருகிறார். எதிரில் வயர்மேன். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலமாகியும் ஊருக்கு அவர் வயர்மேன்தான். நடுநாயகமாகக் கணக்கு வாத்தியார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். ஆனால் குரல் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. மூலையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண், காதில் இயர்போனோடு. அதில் பாட்டு எதுவும் ஓடுவதில்லை என்பது என் நீண்டநாள் சந்தேகம். பெஞ்சு சிரிக்கும் இடத்திலெல்லாம் அவள் பேனாவும் சிரித்து நிற்கிறது.

நான் தூணோரத்து நாற்காலி. டெண்டர் விளம்பரங்கள் உள்ள பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அதற்குப் பின்னால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

அரசியல் செய்தியை இவர்கள் சத்தமாகப் படிப்பதில்லை. முன்பு ஒரு தேர்தல் சமயத்தில் பாயும் மிராசும் மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். மரண அறிவிப்புகளை அவரவர் தனியாக, முதலிலேயே படித்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது தொழில்நுட்பச் செய்தி. அதற்குக் கட்சி கிடையாது. வாத்தியார் அதை டிக்டேஷன் கொடுப்பதுபோல வாசிப்பார். முக்கியமான இடத்தை இரண்டு முறை. செய்திக்கு வயதும் கிடையாது. போன வருஷத்துக் கதை இன்றைய கதையோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2025 ஐப்பசியில் பெஞ்சைப் பிடித்து ஆட்டியது கட்டில் கதை.

"அக்டோபர் 20-ந் தேதி. நம்ம தீபாவளி அன்னிக்கி. அமெரிக்காவுல வர்ஜீனியாங்கற எடத்துல அமேசான் கம்பெனி கம்ப்யூட்டரெல்லாம் கோளாறாயிப் போச்சு. அதை நம்பி இருந்த மத்த கம்பெனியெல்லாம் படுத்துருச்சு. கட்டில் வேலை செய்யல."

"என்னது வேலை செய்யல?"

"கட்டில்." வாத்தியார் இரண்டாம் முறை வாசித்தார். "கட்டில்."

கட்டில் செய்ய வேண்டிய வேலை என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. வாத்தியார் விளக்கினார். 'எய்ட் ஸ்லீப்' என்று ஒரு கம்பெனி. மெத்தை உறைக்குள் தண்ணீர் ஓடும். வேண்டிய அளவு குளிர்ச்சி, வேண்டிய அளவு சூடு. தலைமாட்டைத் தூக்கவும் இறக்கவும் செய்யலாம். எல்லாம் செல்போனிலிருந்து. விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல். வர்ஜீனியாவில் கோளாறு வந்ததும் சில கட்டில்கள் சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றுவிட்டன. சிலது சூடாகிக்கொண்டே இருந்ததாம். நாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் அது. அவர்களுக்கு நள்ளிரவு.

"எந்திரிச்சுத் தரையில படுக்க வேண்டியதுதானே," என்றார் மிராசு. "அந்த ஊர்ல பாய் கெடையாதா?"

"என்னையவா கேக்கறீங்க?" என்று பாய் தலையைத் தூக்கினார்.

சிரிப்பு அடங்க நேரமானது. வயர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "சரி சார். ராத்திரி ரெண்டு மணிக்கிக் கட்டில் கொதிக்குது. யாரைப் போய்க் கேக்கறது?"

"கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டிருக்காரேப்பா. இனிமே இன்டர்நெட் போனாலும் வேலை செய்யறாப்ல பண்ணிக் குடுக்கறாங்களாம்."

"அது விடிஞ்சப்புறம். நான் ராத்திரி ரெண்டு மணியக் கேக்கறேன்."

இந்தக் கேள்வியைக் கேட்க வயர்மேனுக்குத் தகுதி இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மாவட்டம் மாவட்டமாகச் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். உட்கிராமங்களில் விளக்கெரிய வாரக்கணக்கானது. அந்த நாட்களில் இவர் எந்தத் தெருவில் போனாலும் சைக்கிளை மறித்துத் திட்டினார்கள். கம்பத்தைச் சாய்த்தது காற்று, கம்பம் வராமல் கிடந்தது எங்கேயோ உள்ள கிடங்கில், ஆனால் கண்ணுக்குத் தெரிந்த மின்வாரியம் இவர் ஒருவர்தான். "திட்டிட்டு, கம்பத்துலேர்ந்து எறங்குனதும் எலையப் போட்டுச் சோறும் போடுவாங்க. ரெண்டையும் நான்தான் வாங்கிக்கிட்டேன்," என்பார்.

அவருடைய கேள்வி அன்று அந்தப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தது; பிறகு இறங்கவே இல்லை. எந்தப் புதுப் பொருளைப் பற்றிச் செய்தி வந்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று இவர்கள் கேட்பதில்லை. கெட்டுப்போனால் யார் வருவார் என்றுதான் கேட்கிறார்கள். கம்பெனிகள் முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகின்றன. இரண்டாவது கேள்விக்கு ஒரு டோல்-ஃப்ரீ எண். அதில் ஒன்றை அழுத்தினால் பாட்டு.

குளிர்சாதனப் பெட்டிக்கும் அன்றே தீர்ப்பு ஆனது. அமெரிக்காவில் சாம்சங் தன் ஃபிரிட்ஜ் கதவில் உள்ள திரையில் விளம்பரம் காட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. விலை கொடுத்து வாங்கி, சமையலறையில் இடம் கொடுத்து, கரண்ட் பில்லும் கட்டி, அதன் கதவில் விளம்பரமும் பார்க்க வேண்டும். மிராசு கொதித்தார். நூலகர் அம்மா பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார். "எங்க வீட்டு ஃபிரிட்ஜுல எப்பவோ வந்துருச்சு சார். ஜவுளிக் கடை காந்தம், எல்ஐசி காலண்டர், கேஸ்காரர் நம்பர்."

"அந்தக் கேஸ்காரர் நம்பருக்கு அடிச்சா ஆள் வருவான்லம்மா," என்றார் வயர்மேன். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் மிராசு தவறாமல் எடுத்துவிடுவது துண்டுக் கதை. 2021-இல் ஆப்பிள் கம்பெனி திரை துடைக்க ஒரு சிறு துணி விற்றது. இந்தியாவில் விலை 1,900 ரூபாய். எந்தெந்தச் சாதனத்தை அதனால் துடைக்கலாம் என்று பட்டியல் வேறு போட்டிருந்தார்கள். மிராசு தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மேசைமேல் விரிப்பார். "இது மூஞ்சி தொடைக்கும். பெஞ்சு தொடைக்கும். வெயிலுக்குத் தலையில கெடக்கும். பஸ்ஸுல ஜன்னல் வழியாப் போட்டா எடம் புடிக்கும். நானும் ஒரு பட்டியல் போட்டு ஒட்டறேன், எவனாச்சும் ஐநூறு ரூவா குடுப்பானா?" துணி விற்றவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதில் பாய்க்கு மட்டும் மாற்றுக் கருத்து இல்லை. வியாபாரி வியாபாரியை மெச்சும் கண் அது.

வழி காட்டும் கூகுள் விஷயத்தில் பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த சம்பவத்தை வாத்தியார் நினைவுபடுத்தினார். ஊட்டிக்கு வந்துவிட்டுக் கர்நாடகாவுக்குத் திரும்பிய ஒரு கார், சீக்கிரமான வழி என்று மேப் காட்டியதை நம்பிப் போய், ஜனங்கள் நடந்து ஏறி இறங்கும் படிக்கட்டில் சிக்கி நின்றது.

"காரை அப்புறம் யாரு எறக்கிவிட்டது?" என்றார் வயர்மேன்.

"அக்கம்பக்கத்து ஆளுங்களும் போலீஸும்."

"அப்ப அவங்ககிட்டயே மொதல்ல கேட்டிருக்கலாமே."

பெஞ்சு ஆமோதித்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் பக்கத்தில் வழி கேட்டவர்கள் படும் பாட்டைத் தூணோரத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் நூலக வாசலில் வண்டியை நிறுத்தி, பக்கத்துக் கிராமத்துக்கு வழி கேட்டார். "நேராப் போயி, புளியமரம் இருந்த எடத்துல சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க," என்றார் மிராசு. அந்தப் புளியமரம் கஜாவில் விழுந்துவிட்டது. இருந்த இடம் உள்ளூர்க்காரருக்கு மட்டும்தான் தெரியும். "அங்க இல்ல, மில்லு இருந்த எடத்துல," என்று பாய் திருத்தினார். அந்த மில் இடிபட்டுக் கல்யாண மண்டபமாகிவிட்டது. வந்தவர் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அவர் செய்ததுதான் சரி. கூகுளுக்கு இடிந்துபோன ஊர் தெரியாது. நிற்கிற ஊரைக் காட்டும். ஆனால் வயர்மேன் கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தவறான வழியில் போனவர் திரும்பி வந்தால் மிராசு இதே பெஞ்சில் இருப்பார். "என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க" என்று இரண்டு வார்த்தை கேட்கலாம். மேப்பில் உள்ள அந்தப் பெண்குரலிடம் சண்டை போட்டால் அவள் 'வழி மறுகணக்கிடப்படுகிறது' என்ற தோரணையில் அடுத்த திருப்பத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மழை வலுத்த ஒருநாள் மிராசு சிரிக்காமல் வந்தார். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுத் தார்ப்பாய் மூடிக் காத்திருந்தார். 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். 22 வரை எடுக்க வேண்டும் என்று டெல்டா விவசாயிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி நெல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மிராசின் நெல்லை அள்ளி மெஷினில் போட்டதில் அது 20 காட்டியிருக்கிறது.

"மொதல்லாம் நெல்ல எடுத்து வாயில போட்டுக் கடிப்பாங்க. டக்குன்னு ஒடஞ்சாக் காஞ்ச நெல்லு. நசுங்குனா ஈரம். அவன் கடிச்சு ஈரம்னு சொன்னா, நானும் கடிச்சு இல்லம்பேன். ஒரு சண்டை போட்டு நடுவுல ஒரு எடத்துல வந்து நிப்போம். இப்ப மெஷின வெச்சிருக்கவன் என்னையப் பாக்கவே மாட்டங்கறான். 'மெஷின் காட்டுதுங்க, நான் என்ன பண்ணட்டும்'ங்கறான்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. வயர்மேன்தான் மெதுவாகச் சொன்னார். "ஆள் இருந்தும் கேக்க முடியாம ஆக்கிட்டாங்க பாருங்க, அதான் மாமா பெரிய மெஷினு."

எனக்கு அந்த மெஷின்மேல் கோபமில்லை. பல்லுக்கு ஓரவஞ்சனை உண்டு. தெரிந்தவர் நெல்லைக் கடிக்கும்போது அது சீக்கிரம் உடையும். மெஷினுக்கு அப்படி உறவு கிடையாது. ஏழை விவசாயிக்கு அது ஒரு காவல்தான். ஆனால் எண்ணைக் காட்டிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று மனிதனும் நினைக்கத் தொடங்கும்போதுதான் கோளாறு. பெய்கிற மழைக்கும் திறக்காத கிடங்குக்கும் வராத லாரிக்கும் சேர்த்து அந்தச் சின்னப் பெட்டி பதில் சொல்லிவிடுகிறது.

பேச்சை மாற்றப் பாய் தன் பெட்டியைப் பற்றித் தொடங்கினார். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும், பணம் வந்தால் குரல் கொடுக்கும் பெட்டி. 2016-இல் யுபிஐ வந்தபோது பாய்க்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. 2025 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது என்று வாத்தியார் வாசித்தபோது, "அதுல பாதி என் கடையில அஞ்சு ரூவாய்க்கிக் கருவேப்பில வாங்குனவங்க," என்றார். அதே ஆண்டு மார்ச் 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 12 என்று மூன்று வாரத்துக்குள் யுபிஐ மறுபடி மறுபடி படுத்துக்கொண்டது. ஏப்ரல் 12 சனிக்கிழமை.

"சனிக்கெழமக் கூட்டம். 'அனுப்பிட்டேன் பாய்'ங்கறாங்க. பெட்டி வாயத் தொறக்கல. அவங்க பேங்குல பணம் போயிருச்சு. என் பேங்குக்கு வரல. நடுவுல எங்கயோ நிக்கிது. எங்கன்னு யாருக்கும் தெரியல."

"அப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? பழைய கடன் நோட்ட எடுத்தேன். பேரெழுதிக்கிட்டேன். மறுநாள் எல்லாரும் வந்து குடுத்துட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு பேரத் தவிர. அவங்க நோட்டு காலத்துலயும் குடுக்காதவங்கதான்," என்றார்.

வாத்தியாருக்கு இந்தக் கதையில் அளவில்லாத சந்தோஷம். நோட்டு, பேனா, கையெழுத்து என்று எது ஜெயித்தாலும் அது அவருடைய வெற்றி. 2024 ஜூலை 19-ஐ அவர் ஒரு தேசியத் திருநாளாகவே நினைவு வைத்திருக்கிறார். 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்ற நாள். வைரஸைத் தடுக்க வைத்த காவலாளியே வீட்டைப் பூட்டிக்கொண்டு சாவியைத் தொலைத்த கதை. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். "நாலு கோடு நோட்டுல எழுதிட்டு வாங்கடான்னா, எதுக்கு சார்னு கேப்பானுங்க. எதுக்குன்னு அன்னிக்கித் தெரிஞ்சிருக்கும்."

அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. குரூப் 4 பெண் இயர்போனைக் கழற்றியிருந்தாள். "சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். நான் சாட்ஜிபிடிகிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பெஞ்சு மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. நவம்பர் 4 முதல் இந்தியாவில் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் இலவசம் என்று செய்தி வந்திருந்தது. மாதம் 399 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த சரக்கு. பாய் தலையாட்டினார். "புதுசா வீடு குடிவந்தவங்களுக்கு மொத மாசச் சாமான நானும் கடனாத்தான் அனுப்புவேன். அப்புறம் வேற கடைக்கிப் போவ மாட்டாங்க."

வயர்மேன் எழுந்து அவள் மேசைக்கே போனார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கேள்வியை வைத்தார். "அது தப்பாச் சொன்னா என்னம்மா பண்ணுவ?"

"தப்புன்னு சொல்லுவேன் அங்கிள். உடனே சாரி கேட்டுட்டு மாத்திச் சொல்லும்."

"உடனேயா?"

"உடனே. சில சமயம் அது சரியாவே சொல்லியிருக்கும். நான் தப்புன்னு சொன்னாலும் சாரி கேக்கும்."

வயர்மேன் நெடுநேரம் அந்தத் திரையைப் பார்த்தார். கேட்டவுடன் மன்னிப்பு. அதட்டினால் அதற்கும் மன்னிப்பு. செய்யாத தப்புக்கும் மன்னிப்பு. அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிய ஆள் கிடைத்துவிட்டதுபோல இருந்தது. ஆனால் முகம் தெளியவில்லை.

"கீழ சின்ன எழுத்துல என்னமோ போட்டிருக்கே?"

அவள் படித்தாள். இது தவறு செய்யக்கூடும், முக்கியமானதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள் சொன்னாள்.

வயர்மேன் திரும்பி வந்து உட்கார்ந்தார். "ஒவ்வொரு டிரான்ஸ்பார்மர்லயும் இப்படி ஒரு போர்டு எழுதி மாட்டிருந்தா, நானும் நிம்மதியா ரிட்டயர் ஆயிருப்பேன்."

பிறகு ஒரு நாள், நவம்பர் பாதியில், வாத்தியார் பழைய தாள் அடுக்கைக் கிளறிக்கொண்டிருந்தார். கட்டில் செய்தியைப் புதிதாக வந்த யாருக்கோ படித்துக் காட்ட வேண்டும். தாள் கிடைத்தது. செய்தி இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை. கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தது. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து நகைக்கடை விளம்பரம் தெரிந்தது.

வாத்தியாருக்கு ரத்தம் ஏறிவிட்டது. பொதுச்சொத்து, ஒழுங்கு, வளர்ப்பு என்று தொடங்கித் தாளைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு நூலகர் அம்மா மேசைக்கு நடந்தார். பெஞ்சும் பின்னால் போனது. கேட்பதற்கு ஓர் ஆள் நேரில் கிடைத்துவிட்ட உற்சாகம் நால்வர் நடையிலும் இருந்தது. நானும் டெண்டர் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன்.

"இதுக்குப் பதில் சொல்லுங்கம்மா. யாரு வெட்டுனது?"

நூலகர் அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போன வியாழக்கெழம பேத்திக்கி ஸ்கூல் ப்ராஜெக்ட்டுன்னு இத என்கிட்ட கேட்டு வாங்குனது யாரு சார்?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. குரூப் 4 பெண்ணின் பேனா நின்றிருந்தது. வயர்மேன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கஜா கால வசவுகள் அத்தனைக்கும் ஒரே நாளில் ஈடு கிடைத்த நிறைவு.

வாத்தியார் தாளை நான்காக மடித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். திரும்பிப் பெஞ்சை நோக்கி நடந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இதுக்குத்தான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போடணுங்கறது!"